ஊர் அளவின்படி பத்து மைல்

ஆர்டாக் பண்ணை,
1802 செப்டம்பர் 20

என் அண்ணன் நினியனுக்கு,

எஃபி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பால் கறந்து கறந்து கையில் வெடிப்பு கண்டதைத் தவிர ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா? ஆக்னஸ் அண்ணி சுகமா? என் மகள் மைசியைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும். அவள் பெயரை எழுதினால் கை நின்றுவிடுகிறது, அதனால் கடைசியில் வைத்தேன்.

மலைமேல் இருந்த ஆட்டுப் பண்ணையை விட்டு வந்துவிட்டேன். பதறாதே. இந்த வரியைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கில்ஃபெர்ன் சந்தை நடுவே நிற்கும் சிலுவையிலிருந்து பத்து மைலுக்குள் ஏழு வருஷம் நான் காலடி வைக்கக் கூடாது, அவ்வளவுதானே தீர்ப்பு? புது ரோட்டில் இப்போது மைல்கல் நட்டிருக்கிறார்கள். அந்த ரோட்டுக்குச் சங்கிலி பிடித்து அளந்தவனே நீதான். நான் இருக்கும் குடிசை பதினோராவது கல்லையும் தாண்டி நூற்றைம்பது தப்படி. ஒரு மைல் முழுசாக மிச்சம் வைத்திருக்கிறேன். கல் பொய் சொல்லுமா?

இங்கே பாலாடைக்கட்டி போடும் வேலை. ரோட்டோரமே வீடு, வாசலுக்கு எதிரே கிணறு. மூட்டை ஏற்றும் சேன்டியின் வண்டி செவ்வாய்தோறும் இந்த வழியாகப் போகிறது. மைசியை அதில் ஏற்றி அனுப்பு. ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் அனுப்பிவிடுகிறேன். பதினெட்டு மாதமாகிறது. நான் வரும்போது அவளுக்கு இரண்டு வயது. என் முகம் மறந்திருக்கும்.

ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.
தங்கை எஃபி


கில்ஃபெர்ன்,
1802 அக்டோபர் 4

அன்பு எஃபி,

கடிதம் வந்தது. நாங்கள் சுகம். இருமல் வழக்கம்போல. மைசி நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓட்ஸ் கஞ்சியில் உப்புக்குப் பதில் சர்க்கரை கேட்கிறாள், நாம் என்ன சீமான்களா?

நீ கேட்டபடி செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன். ஆனாலும் ஒன்றை மறந்துவிடாதே. நீ அன்று பஞ்சத்தில் மாவு வண்டியை ஊரைவிட்டுப் போகவிடாமல் மறித்து நின்றபோது உன் பின்னால் நாற்பது பெண்கள் இருந்தார்கள். நீதிமன்றத்தில் நின்றது நீ ஒருத்திதான். அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் மர்டாக் இந்த வருஷம் நகர நீதிபதியாகவும் ஆகிவிட்டார். தெருவில் என்னைப் பார்த்தால் நின்று, "தங்கச்சி எங்க இருக்கா, நினியன்? நல்லா இருக்காளா?" என்று கேட்கிறார். அந்த அன்புதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இன்னொன்று. உன் கடிதத்தின் முத்திரை மெழுகு இரண்டு தடவை உருக்கியது போல இருந்தது. தபால்காரர் மர்டாக்கின் மைத்துனர். பார்த்து எழுது.

ஆக்னஸ் உனக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள்.
அண்ணன் நினியன்


ஆர்டாக்,
1802 நவம்பர் 18

அண்ணனுக்கு வணக்கம் சொல்லி எழுதுவது.

நான் சுகம், சுகத்துக்கும் மேலே ஒரு படி. நான்கு தடவை வந்துவிட்டாள்! முதல் தடவை என்னைப் பார்த்து சேன்டியின் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் தடவை வண்டி நிற்கும் முன்னே குதித்தாள். போன வாரம் கிளம்பும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீயும் வா, வண்டியில எடம் இருக்கு" என்றாள். "இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்குக் கால் வலிக்கும்" என்று சொன்னேன். "எனக்கு வலிக்கலையே" என்கிறாள்.

ஒரு வேடிக்கை. ஊர்ச் சேவகன் டாம் கார்லி நேற்று இந்த வழியே வந்தான். பதினோராவது கல்மேல் உட்கார்ந்து புகை பிடித்தான். நான் வாசலில் நின்று, "என்ன டாம், கல்லுல எழுதியிருக்கறதப் படிக்கத் தெரியுமா, நான் படிச்சுக் காட்டவா?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "படிச்சிட்டேன் தாயி, நல்லாவே படிச்சிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். பல் இல்லாத வாய்க்கு இவ்வளவு சிரிப்பு வருமென்று நான் நினைக்கவில்லை.

அண்ணிக்கு ஒரு கட்டி வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.
எஃபி


கில்ஃபெர்ன்,
1802 டிசம்பர் 9

எஃபிக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். வெண்ணெய் வந்தது.

நீ மலைப் பண்ணைக்கே திரும்பிப் போய்விடு. குளிருக்கு முன்னால் போ. ஏன் என்று கேட்காதே. நம் அப்பா மாடு ஓட்டிக்கொண்டு வந்த காலத்தை நினைத்துப் பார். அப்பாவின் மைல் எப்போதுமே நீளம் என்று அம்மா சொல்வாளே, "இன்னும் ஒரு மைல்தான்னு சொல்லிச் சொல்லியே பொழுத சாய்ச்சிடுவாரு" என்று. அதை நினைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்குப் போடு. இவ்வளவுதான் எழுத முடியும்.

இனிமேல் மைசியை அனுப்பப் போவதில்லை. ரோட்டில் பனி உறைந்திருக்கிறது.
நினியன்


ஆர்டாக்,
1803 ஜனவரி 5

அண்ணனுக்கு,

புது வருஷ வாழ்த்து. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

நீ எழுதியதை ஏழெட்டுத் தடவை படித்தேன். அப்பாவின் மைல், அம்மாவின் பேச்சு. செத்தவர்களை எதற்கு இழுக்கிறாய்? சேன்டியின் குதிரைக்குப் பனி வழுக்கவில்லை, பிள்ளைக்கு மட்டும் வழுக்குமா? நேராகச் சொல். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளையைத் தன் பிள்ளையாக்க ஆசை வந்துவிட்டது, அதுதானே? நான் மலையேறிவிட்டால் மைசி இன்னும் ஒரு வருஷத்தில் அவளை அம்மா என்பாள். காலுறை பின்னிக் கொடுத்தபோதே யோசித்திருக்க வேண்டும்.

சின்ன வயசில் காளை துரத்தியபோது என்னை வயலில் விட்டுவிட்டு வேலியேறியவன் நீ. பயத்தில் நீ எதையும் விட்டுக்கொடுப்பாய். நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

எஃபி


ஆர்டாக்,
1803 பிப்ரவரி 24

அண்ணா,

நான் எழுதி ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதியது தப்பு. கோபத்தில் எழுதினேன். அண்ணியிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீ ரோட்டு வேலைக்குக் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறாய் என்று சேன்டி சொன்னான். நீ இல்லாத நேரத்தில் அண்ணியே மைசியை இந்த வாரம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். தினமும் அழுகிறாளாம், பார்க்கப் பொறுக்கவில்லையாம். நான் அவளைப் பற்றி எழுதியதை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆனால் பிள்ளை வரும்போதே கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தாள். உடம்பு கொதிக்கிறது. இன்று காலை காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்திருக்கிறது. இந்த நிலைமையில் திருப்பி அனுப்ப முடியாது. வந்ததும் எழுது.

எஃபி


கில்ஃபெர்ன்,
1803 மார்ச் 3

எஃபி,

இதைத் தபாலில் போடவில்லை, சேன்டியிடமும் கொடுக்கவில்லை. அவன் வாய் மர்டாக்குக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. துணி மூட்டை வியாபாரியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. சுகம் விசாரிக்க நேரமில்லை.

அன்று தீர்ப்பின் கடைசி வரியை எழுத்தர் மூக்குக்குள் படித்தார். மைசி கத்திக்கொண்டிருந்ததில் நீ கேட்டிருக்க மாட்டாய். எனக்கும் அது டிசம்பரில்தான் தெரிந்தது. "பத்து மைல், இந்த ஊர் அளவின்படி." ஊர் அளவு என்றால் சிறை வாசலில் சங்கிலி போட்டுத் தொங்கும் இரும்பு எல்கோல்; ஒரு எல் மூன்றடிக்குச் சற்று அதிகம். இருபத்துநாலு எல் ஒரு சங்கிலி, எண்பது சங்கிலி ஒரு மைல். அதுதான் பழைய ஸ்காட்லாந்து மைல், அப்பாவின் மைல். ரோட்டுக்கல்லில் இருப்பது இங்கிலீஷ் மைல், அது குட்டை. அவர்கள் ஒன்பது மைல் என்று எண்ணுகிற தூரம் நமக்கு எட்டு மைல்தான். பதினொரு கல்லைத் தாண்டியும் நீ பத்து மைலுக்கு வெளியே இல்லை. கல் பொய் சொல்லவில்லை. அது வேறு பாஷையில் சொல்கிறது.

டாம் கார்லி அன்று சிரித்தது இதற்குத்தான். சங்கிலி போடப் பனி இளகட்டும் என்று குளிர்காலம் முழுக்க மர்டாக் காத்திருந்தார். நீ நகர்ந்துவிடக் கூடாதே என்றுதான் மைசியை அனுப்புவதைக்கூட யாரும் தடுக்கவில்லை. வருகிற எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை சிலுவையடியில் தொடங்கி உன் வாசல் வரை சங்கிலி போட்டு அளக்கப் போகிறார்கள். எல்லைக்குள் உன்னைப் பார்த்தால் சந்தையில் நிறுத்திச் சாட்டையடி, பிறகு மறுபடி ஊர்விலக்கு.

அளக்க எடின்பரோவிலிருந்து பிரிங்கிள் என்று ஓர் இளைஞர் வந்திருக்கிறார். சங்கிலியின் பின்முனையைப் பிடித்து எண்ணிக்கை சொல்வது நான். மாட்டேன் என்று சொன்னேன். மர்டாக் என் தோளில் கை போட்டு, "நீயே அளந்தா அப்புறம் ஒரு பயலும் எங்களக் குத்தம் சொல்ல முடியாது பாரு. அளந்து முடிச்சதும் பைபிள் மேல கை வச்சு ஒரு சத்தியம், அவ்வளவுதான்." என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமைக்குள் மைசியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடு. அரை மைல் போனால் போதும்.
நினியன்


ஆர்டாக்,
1803 மார்ச் 6

அண்ணா,

மூட்டைக்காரர் காத்திருக்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

மைசிக்குத் தட்டம்மை. உடம்பெல்லாம் போட்டிருக்கிறது. கண்ணைத் திறக்கவில்லை. வெளியே பனியும் மழையும் கலந்து அடிக்கிறது. இந்தக் காற்றில் தூக்கிக்கொண்டு போனால் அம்மை உள்ளுக்குள் இறங்கிவிடும். போன வாரம் பக்கத்துப் பண்ணையில் அப்படித்தான் ஒரு பிள்ளை போய்விட்டது. எஜமானியம்மா வீடு எல்லைக்கு வெளியே இருக்கிறது. போய்க் கேட்டேன். அவளுக்கும் கைக்குழந்தை, கதவைத் திறக்காமலே பேசினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளையை விட்டுவிட்டு நான் மட்டும் போகலாம் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். வாசல் வரை போனேன். அவள் தூக்கத்தில் "தண்ணி" என்றாள், திரும்பிவிட்டேன்.

எவ்வளவு உள்ளே இருக்கிறேன் என்று நீ எழுதவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, நினியன். அளந்துகொண்டு வா. நான் வீட்டுக்குள்தான் இருப்பேன்.

எஃபி


கில்ஃபெர்ன்,
1803 மார்ச் 12

எஃபிக்கு,

பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? அன்று வாசல் வரை வந்தும் உள்ளே வர விடவில்லை. உன் முகத்தை ஜன்னலில் பார்த்தேன். அவ்வளவுதான் கொடுத்து வைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். இதையும் மூட்டைக்காரர் கையில்தான் அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போடு. முன்னால் போகிறவன் சங்கிலிக்கு ஓர் இரும்புக் குச்சி நடுவான். பின்னால் வரும் நான் அதைப் பிடுங்கிக் கையில் சேர்ப்பேன். பத்துக் குச்சி சேர்ந்ததும் "பத்து!" என்று கத்திவிட்டு, குச்சிகளை முன்னால் போகிறவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரிங்கிள் குதிரைமேல் இருந்து நோட்டில் ஒரு கோடு போடுவார். எண்பது கோடு விழுந்தால் பத்து மைல். முதல் நாள் முழுக்க ஒழுங்காகத்தான் கத்தினேன். இரண்டாம் நாள் ஒன்பதாவது மைலில் சதுப்பு நிலத்தில் பனிமழை பிடித்துக்கொண்டது. பிரிங்கிள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு தூரத்தில் நின்றார். முன்னால் போகிறவனின் தலையே எனக்குத் தெரியவில்லை. என் கையில் குச்சி ஒன்றுமில்லை. அப்போது "பத்து!" என்று கத்தினேன்.

அந்தக் குரல் என்னுடையது போலவே இல்லை. வானம் இடிந்து விழும் என்று பார்த்தேன். அளக்காத பத்துச் சங்கிலிக்குப் பிரிங்கிள் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார். இன்னொரு தடவை கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்தபடியே நடந்தேன். சத்தம் வரவில்லை.

உன் வாசல் பத்து மைலுக்கு வெளியே எட்டு எல். டாம் கார்லி நோட்டிலிருந்த கோடுகளை நாலு தடவை எண்ணிப் பார்த்தான். நான் பைபிள் மேல் கை வைத்தேன். இனி ஆண்டவர் என்னை என்ன செய்தாலும் சரி. தேவாலயத்தில் கண்ணை மூட முடியவில்லை, எஃபி. மூடினால் "பத்து" என்று கேட்கிறது.

ஆனால் கவனி. எல்லைக்கு டாம் அடித்த கட்டை உன் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நிற்கிறது. கிணறு பதினைந்து எல் உள்ளே. தண்ணீருக்கு வேறு யாரையாவது அனுப்பு. நீ மட்டும் போகாதே. அவன் விட மாட்டான், வந்து உட்காருவான். மைசி எழுந்து நடந்ததும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் மலைக்குப் போய்விடு.

நினியன்


கில்ஃபெர்ன் ஊர்ச் சிறை,
1803 மார்ச் 30

என் அண்ணனுக்கு,

சிறைக்காரர் மனைவி காகிதம் கொடுத்தாள்; இதை மடித்து அண்ணி கையில் மட்டும் கொடுப்பேன். உன் வீட்டுப் புகைபோக்கி இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நான் வந்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மைசியை உன்னிடம் சேர்த்துவிட்டார்கள் என்று சிறைக்காரர் மனைவி சொன்னாள், நிம்மதி. அவளுக்கு இன்னும் கண் கூசும், வெயிலில் விடாதே.

நடந்ததை மற்றவர்கள் உனக்கு எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்கிறேன். சனிக்கிழமை மலைக்குப் போவதாக மூட்டை கட்டி வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை மதியம் பாலாடைக்கட்டிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் மரக் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போனதை நான் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கும்போது கிணற்று விளிம்பில் வயிறு வைத்துத் தொங்குகிறாள். கல்லெல்லாம் உறைபனி. டாம் தூரத்தில் அந்தப் பதினோராவது கல்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "டாம், பிள்ளையப் புடி!" என்று கத்தினேன். அவனும் எழுந்து ஓடித்தான் வந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் நூறு எல் தள்ளி இருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

கட்டையைத் தாண்டியது எனக்கு ஞாபகமே இல்லை. பாவாடையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் காலுக்குக் கீழே என்ன மண் என்று தெரிந்தது. டாம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். கட்டையையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "பதினஞ்சு எல், எஃபி. நானே அளந்தது. நான் பாக்கலன்னு சொன்னா என் வேலை போயிடும், எனக்கும் மூணு புள்ளைங்க" என்றான். "வாயை மூடிக்கிட்டு நட" என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மதியம் சிலுவையின் கீழே முப்பது சாட்டையடி. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், இந்த மாகாணத்துக்கே வெளியே. மைசிக்குப் பதினாறு வயதான பிறகுதான் அவள் எனக்குக் கிடைப்பாள்.

நீ நேற்றுச் சிறைக்காரரிடம் அழுதாயாமே, இன்னும் ஒரே ஒரு சங்கிலி கூட்டிச் சொல்லியிருந்தால் கிணறும் வெளியே போயிருக்கும் என்று. அதை இனி யாரிடமும் சொல்லாதே, உன்னையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். மறைக்க மாட்டேன், முதல் நாள் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஒரு தடவை கத்தியவனுக்கு இன்னொரு தடவை கத்த என்ன கேடு என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் நீ வாயைத் திறந்தபடியே பனியில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். உனக்கு அந்த ஒன்றே பெரிது. அந்த ஒன்றால்தான் அம்மை இறங்கும் வரை என் பிள்ளை என்னிடம் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மைசியை அழைத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடு. அடிக்கும்போது முரசு தட்டுவார்கள், அது அவள் காதில் விழக் கூடாது. நீயும் கூட்டத்தில் வந்து நிற்காதே. அண்ணி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் வரட்டும். அவள் தைரியக்காரி.

வளர்ந்த பிறகு மைசி ஒருநாள் கேட்பாள், அம்மாவை எதற்கு அடித்தார்கள் என்று. அவளைத் தூக்கப் போய் நான் அகப்பட்டேன் என்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். டாமிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவன் தலையாட்டினான். அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள், புத்தி கெட்டு எல்லையைத் தாண்டினாள் என்று சொல். முகம் மாறாமல் சொல்ல வேண்டும், அண்ணா, எத்தனை தடவை கேட்டாலும். உன்னால் முடியும்.

தங்கை எஃபி